அக்காவுக்கு நான் சொல்லாமல் விட்ட வசனம்

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நாலைந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் விரதம் தொடங்கும்போது, இந்த ஆறு நாளுக்குள் எழுதி முடித்துவிடுகிறேன் என்று முருகனிடம் சொல்லிக்கொள்வேன். சூரன்போர் முடிந்து, அடுத்தநாள் பாரணையும் முடித்துக் கை கழுவும்போது ஒரு வரிகூட எழுதியிருக்கமாட்டேன். படிப்புக் குறைந்தவன், எழுத்து வராது என்று எனக்கு நானே காரணம் சொல்லுவேன். ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் ஒரு கடிதம் எழுதத் தெரியும். உண்மையான காரணம் பயம். இதை வாசித்தபிறகு கோயிலில் என்னைக் காண்பவர்கள் என்ன முகத்தோடு பார்ப்பார்கள் என்ற பயம்.

கோயிலில் என்னை நிறையப் பேருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பிட இருக்கும்போது, வீடு வாங்கப் போகிறவர்கள் யாராவது பக்கத்தில் வந்து இருப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

"அண்ணை, ஒரு வீடு பாத்திருக்கிறம். லோயர் ஆரைப் பிடிக்கிறது?"

"ஏஜென்ட் சொல்லுற லோயரிட்டயே போகலாமோ?"

"எவ்வளவு எடுப்பினம்?"

நானும் தெரிந்ததைச் சொல்லுவேன். ஏஜென்ட் சொல்லுகிறவர் நல்லவராகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் இன்னும் இரண்டு பேருக்கு ஃபோன் அடித்துக் கேளுங்கள். ஃபீஸ் என்று சொல்லுவது வேறு, பதிவுச் செலவு, வீட்டின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கிற செலவு, காப்புறுதி எல்லாம் வேறு. கடைசியில் மொத்தம் என்ன வரும் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டை வாங்குகிறோம் என்று எழுதிக் கொடுக்கிற ஓஃபரில் கையெழுத்து வைத்தபிறகு லோயரிடம் ஓடாமல், வைக்கமுதலே காட்டுங்கள். இப்படிச் சொல்லிக்கொண்டு போவேன். ஒரு முறை சாம்பாறு வாளியோடு நின்ற தம்பி ஒருவர், "அண்ணை, நீங்களே ஒரு போர்டு போட்டுக்கொண்டு இருக்கலாம். லோயருக்குக் குடுக்கிற காசுக்கு உங்களுக்கு வாழ்நாள் முழுக்க வடை தாறம்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது எனக்குத்தான் தெரியும்.

ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் என்னிடம் கேட்பதில்லை. நானாகவும் சொல்லுவதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். அத்தான் கனடாவுக்கு வந்து சில வருடங்களிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அக்காவுக்கு ஒரே மகள், என் மருமகள். அப்போது நாங்கள் இரண்டு குடும்பமும் அஜின்கோர்ட் பகுதியில் ஒரே கட்டடத்தில், அவர்கள் நாலாம் மாடி, நாங்கள் ஏழாம் மாடி என்று வாடகைக்கு இருந்தோம். அக்கா ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. நான் பெட்டி செய்யும் தொழிற்சாலையில். ஒரு நாள் லிஃப்ட் வேலை செய்யாமல், அரிசி மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தபோது அக்கா நடுவழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"டேய் தம்பி, ரெண்டு வாடகை, ரெண்டு அரிசி மூட்டை, ரெண்டு படியேத்தம். ஒரு வீடா வாங்குவமடா."

அப்படித்தான் ரூஜ் என்ற பகுதியில் வீடு பார்த்தோம். முதலில் கட்டவேண்டிய காசில் அக்கா பாதி, நான் பாதி. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தமக்கையின் காசில் வீடு வாங்கியவன் என்று ஒருவர் வாயில் வந்துவிடக்கூடாது என்று எனக்குள் ஒரு ரோஷம். அதனால் தமிழ் சட்டத்தரணி வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஏன்டா?"

"எங்கட விசயம் நாளைக்குக் கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"அப்ப லோயர் இங்கிலீசில கதைச்சா எனக்கு என்ன விளங்கும்?"

"நான் பக்கத்தில இருந்து சொல்லுவன்தானே."

சட்டத்தரணி எந்த மொழிக்காரராக இருந்தாலும் எங்கள் விஷயத்தை வெளியில் வாய் திறக்கக்கூடாது, அது அவர்களுக்குள்ள சட்டம் என்று பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு அதைக் கேட்டு அறியவில்லை. தொழிற்சாலையில் என்னோடு வேலைசெய்த ஒருவர் சொன்ன சீனத்துப் பெரியவர் ஒருவரைப் பிடித்தோம். அவருடைய அலுவலகம் கேக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் கந்தோர். நல்ல மனிதர், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். அந்த நிதானம்தான் அன்று எனக்குப் பெரிய சோதனையாகப் போனது.

கையெழுத்து வைக்கிற நாளைக் கோயில் பஞ்சாங்கம் பார்த்து நான்தான் எடுத்தேன். புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்குமுன் முடித்துவிடவேண்டும் என்று பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். திருநீற்றை ஒரு பேப்பரில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனோம். பார்த்தால் அவருக்கு முன்னுக்கு வேறு ஆட்கள். எங்களை உள்ளே கூப்பிடும்போது பதினொன்று நாற்பது.

நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவுக்குச் சிரிப்பு.

"உன்ர ராகுகாலம் கனடாக் கவுண்மேந்துக்குத் தெரியுமோடா?"

"சும்மா இருங்கோ அக்கா."

அவர் ஒவ்வொரு தாளாக எடுத்து விளக்கினார். இது வங்கிக்கு, இது காப்புறுதிக்கு, இது வரிக்கு. நான் ஒவ்வொன்றையும் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். பிறகு அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த வீட்டை இரண்டு பேர் பெயரிலும் எழுத இரண்டு வழி உண்டு என்றார். ஒரு வழியில் எழுதினால், ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்குப் போய்விடும். மற்ற வழியில் எழுதினால், இறந்தவருடைய பாதி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். இதைச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "இவருக்கு ஒரு மகள் இருக்கிறார் என்று சொன்னீர்கள். இதை இவருக்கு வடிவாக விளங்கப்படுத்துங்கள்" என்றார்.

என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம்தான். ஆனால் அந்த வசனம் எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்பமுடியாது.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது 'போறன்' என்ற சொல்லைக்கூடச் சொல்லமாட்டோம், 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லுவோம். அப்படிப்பட்ட ஒரு நேரத்தில், புருஷனைப் பறிகொடுத்த என் அக்காவைப் பார்த்து, 'நீங்கள் செத்தால்' என்று நான் தொடங்கவேண்டும். நான் மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"உந்த மனிசன் என்ன கேக்கிறார்?" என்று அக்கா கேட்டார்.

"ரெண்டு பேரின்ர பேரையும் ஒண்டாப் போடுறதோ, பிரிச்சுப் போடுறதோ எண்டு கேக்கிறார்."

"எங்களுக்குள்ள என்னடா பிரிவினை? ஒண்டாப் போடச் சொல்லு. கெதியாச் சொல்லு, உன்ர ராகு வாசலில நிக்கிறார்."

நான் அவரிடம், ஒன்றாகவே எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் விடவில்லை. மகளைப் பற்றிச் சொன்னதையும் அக்காவுக்குச் சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன், அவருக்கு விளங்கியது என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அக்காவின் கடைசிக் கையெழுத்து விழுந்தது. முருகா, காப்பாற்றிவிட்டாய் என்று நான் நெஞ்சில் கை வைத்தேன்.

அந்த நிமிடத்தில் எனக்கு வீட்டின்மேல் ஆசை இருந்ததா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைக் கோயிலில் சத்தியம் செய்து சொல்லு என்றால் செய்யமாட்டேன்.

பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். மேல்மாடியில் முன்பக்க அறைகள் இரண்டும் அக்காவுக்கும் மருமகளுக்கும். பின்பக்கம் எனக்கும் மனைவிக்கும் எங்கள் இரண்டு பெடியளுக்கும். சமையல் ஒன்றுதான். அக்காவுக்கு அந்த வீட்டில் தன் பாதியைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவதில் பெரிய சந்தோஷம். பனி கொட்டினால் வாசலில் கார் விடுகிற இடத்தைச் சரியாக நடுவால் கோடு கிழித்ததுபோல ஒரு பக்கம் மட்டும் வழித்துவிட்டு, பனி அள்ளுகிற சவளைக் கதவில் சாத்திவிட்டு உள்ளே வருவார்.

"என்ர பாதி முடிஞ்சுது. உன்ர பாதியை நீ போய் வழி."

என் மனைவி சிரிப்பார். மருமகள் யன்னலால் பார்த்துச் சிரிப்பாள். விருந்தினர் வந்தாலும் அக்கா சொல்லுவார்: "இதில பாதி என்ர பிள்ளைக்கு. சீதனம் எண்டு ஆரும் வந்தா இந்தப் பாதிச் சுவரைத்தான் உடைச்சுக் குடுக்கவேணும்." நான் தேநீரை உறிஞ்சுவேன்.

ஒரு முறை வாயெடுத்தேன். அக்கா குசினி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

"அக்கா, அண்டைக்கு லோயரிட்ட..."

"என்னடா?"

"ஒண்டுமில்லை. வீட்டு வரி கூடிப்போச்சு."

"அதுக்கேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்? பாதியை நான் கட்டுறன்தானே."

அப்போது சொல்லியிருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது. இரண்டு பேரும் போய்க் கையெழுத்து வைத்து மாற்றியிருக்கலாம். நான் செய்யவில்லை. ஆடி கூடாது, புரட்டாசி கூடாது, அக்காவுக்குச் சனி மாறட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போனேன்.

பிறகு அக்காவுக்கு வருத்தம் வந்தது. வயிற்று நோவு என்று போனவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒரு நாள், மருமகள் கோப்பி வாங்கக் கீழே போயிருந்தபோது, அக்கா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளைக்குப் பாதி வீடு இருக்கு. எனக்குப் பயமில்லைத் தம்பி."

"ஓம் அக்கா" என்றேன்.

சட்டத்தரணிகள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து கையெழுத்து வாங்குவார்கள் என்று எனக்குப் பிறகு ஒருவர் சொன்னார். அன்று தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா? கறுப்புப் பையோடு ஒருவர் வந்து நின்றால் அக்கா மனம் விட்டுவிடுவார் என்று மறுபடி ஒரு சாட்டுச் சொல்லியிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த சில வாரங்களில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கடனைப் புதுப்பிக்கவேண்டும், இறந்தவர் பெயரை எடுக்கவேண்டும் என்று. மரணச் சான்றிதழோடு அந்தச் சீனத்துப் பெரியவரிடம் போனேன். அவர் பழைய கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, இது சின்ன வேலை, ஒரு விண்ணப்பம் பதிந்தால் போதும், முழு வீடும் உங்கள் பெயருக்கு வந்துவிடும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவருடைய மகளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

ஒரே மேசையில் இரண்டாவது பொய். படியிறங்கி வந்து காருக்குள் இருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ லேசாக இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். வீடு முழுக்க என்னுடையது. அந்தச் சந்தோஷம் ஒரு சிவப்பு விளக்கில் நின்று பச்சை விழுகிற நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் இருந்தது. அதை மறைத்து இதை எழுதினால் எழுதாமலே இருக்கலாம்.

வீட்டில் மனைவி கேட்டார். "பிள்ளையின்ர பேரைப் போட்டாச்சோ?"

"ஆண்டுத் திவசம் முடியட்டும். அதுக்குள்ள அசைக்கக்கூடாது."

திவசம் முடிந்தது. அடுத்த திவசமும் முடிந்தது.

மருமகள் அதற்குள் படித்து முடித்து மார்க்கம் நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் இங்கிருந்து அங்கே ஓடுவது கஷ்டம், பக்கத்தில் சின்ன வீடு ஒன்று வாங்கப் போகிறேன் என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த கேள்வியில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

"மாமா, லோயர் ஆரைப் பிடிக்கிறது? நீங்களும் அம்மாவும் போன அந்தச் சைனீஸ் அங்கிளிட்டயே போகட்டோ?"

"அவர் வேண்டாம்."

"ஏன்?"

"ஆள் சரியில்லைப் பிள்ளை. கடைசி நேரத்தில ஃபீஸைக் கூட்டுவார். பேப்பரும் ஒழுங்கா வைச்சிருக்கிறதில்லை."

அவர் ஒரு சதமும் கூட்டவில்லை. அவர் கோப்பு ஒழுங்காக இருந்ததுதான் எனக்குப் பயம். இவள் அங்கே போய்த் தன் தாயின் பெயரைச் சொன்னால் எல்லாம் வெளியில் வந்துவிடும். அதற்காக ஒரு நேர்மையான மனிதரைக் கள்ளன் ஆக்கினேன். மார்க்கத்திலேயே இருக்கிற ஒரு தமிழ்ப் பெண் சட்டத்தரணியின் பெயரைச் சொல்லி அனுப்பினேன். மருமகள் விடவில்லை.

"நீங்களும் வாங்கோ மாமா. அம்மா இருந்தா அம்மா வந்திருப்பாதானே."

போனேன். தாய்க்குப் பதிலாக நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.

அந்தச் சட்டத்தரணி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். சுறுசுறுப்பு. எங்கள் பேச்சில்தான் கதைத்தார். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார், வீட்டுப் பத்திரத்தை விளங்கப்படுத்தினார், மருமகளோடு இரண்டு பகிடியும் விட்டார். நான் நிம்மதியாகச் சாய்ந்து இருந்தேன். அப்போதுதான் கேட்டார்.

"முதல்முதல் வீடு வாங்கிற ஆக்களுக்கு வரியில கொஞ்சம் திருப்பிக் குடுப்பினம். இதுக்கு முந்தி உங்களுக்கு எங்கயாவது வீடு, வீட்டில ஒரு பங்கு, ஏதும் இருந்ததோ? ஊரில எண்டாலும் சொல்லவேணும்."

எனக்கு விளங்க முதலே மருமகள் சொல்லிவிட்டாள். "ஓம், ரூஜ் வீட்டில பாதி இருக்கு. அம்மாவின்ர பாதி. அப்ப எனக்கு ரிபேட் வராதோ?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. காசு கிடைக்காது என்று தெரிந்தும் உள்ளதைச் சொன்னாள்.

"அம்மா உயில் எழுதினவவோ?"

"இல்லை. அம்மாவும் மாமாவும் சேந்து வாங்கினது. அம்மா போனாப் பிறகு அவவின்ர பாதி எனக்குத்தானே?"

"அது எழுதின விதத்தைப் பொறுத்தது. கூட்டா எழுதினதோ, பங்காப் பிரிச்சு எழுதினதோ?"

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா?"

"எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

"பரவாயில்லை, பாத்தாப் போச்சு. அட்ரஸைச் சொல்லுங்கோ."

மருமகள் வீட்டு இலக்கத்தைச் சொன்னாள். அவர் தட்டச்சுச் செய்தார். அந்தக் கம்ப்யூட்டர் திறக்க எடுத்த நேரத்தில் நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். 'பிள்ளை, நான் ஒரு பிழை விட்டிட்டன்' என்ற ஒரு வசனம். எனக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகன் என்னை அந்தக் கதிரைவரை கொண்டுவந்து இருத்தினார். அதற்குமேல் நான்தான் செய்யவேண்டியிருந்தது, நான் செய்யவில்லை.

அந்தப் பெண் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"இதில உங்கட பேரோ அம்மாவின்ர பேரோ இல்லை. மாமாவின்ர பேர் மட்டும்தான் இருக்கு. கூட்டா எழுதினபடியால் அம்மா காலமான பிறகு முழுக்க அவருக்குப் போயிட்டுது." திரையில் ஒரு வரியைக் காட்டி, "அம்மா காலமாகி ரெண்டாம் மாசம் பதிஞ்சிருக்கு" என்றார்.

மருமகள் குனிந்து அந்த வரியை வாசித்தாள். அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"அப்ப நான் ஃபெர்ஸ்ட் டைம் பையர்தானே?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப ரிபேட் கிடைக்கும். எழுதுங்கோ."

என் காரில்தான் வந்திருந்தோம். அவள் வேறு வழியாகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். வந்து முன் கதிரையிலேயே இருந்தாள். நான் சாவியைப் போட்டேன்.

"காரை எடுக்காதேங்கோ மாமா. முதல்ல சொல்லுங்கோ."

சொன்னேன். கேக் கடைக்கு மேல் இருந்த கந்தோர், பன்னிரண்டு மணி ராகுகாலம், அவர் கேட்டது, நான் அக்காவுக்குச் சொன்னது, சொல்லாமல் விட்டது, ஆஸ்பத்திரியில் ஓம் அக்கா என்றது, எல்லாம். முடிந்தபிறகு இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"அந்தச் சைனீஸ் அங்கிள் சரியில்லை எண்டனீங்கள். அதுவும் பொய்யோ?"

"ஓம்."

"நீங்கள் அண்டைக்குச் சொல்லியிருந்தா, அம்மா என்ன சொல்லியிருப்பா?"

"உனக்குத்தான் எண்டு சொல்லியிருப்பா."

"அது நீங்கள் சொல்லுறது" என்றாள். "அம்மா சொல்லேல்லை. கேட்டாத்தானே சொல்லுவா." பிறகு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "எடுங்கோ, எனக்கு வேலைக்குப் போகவேணும்" என்றாள்.

அடுத்த கிழமை நான் அந்தச் சீனத்துப் பெரியவரிடம் போனேன். இந்த முறை நாள் பார்க்கவில்லை. என்ன நேரம் என்றும் பார்க்கவில்லை. நான் செய்ததைச் சொன்னேன், அவரைப் பற்றி வெளியில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து அன்று குறித்த வரியைக் காட்டினார். 'தம்பி மூலம் விளக்கப்பட்டது, விளங்கியதாகத் தலையசைத்தார்' என்று இருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது. "நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் வேறு ஒருவரைக் கூப்பிட்டு அவரிடம் நேரே கேட்டிருக்கவேண்டும்" என்று தன்னைத்தான் நொந்துகொண்டார்.

மருமகளின் வீடு அவள் கைக்கு வந்தபிறகு, ரூஜ் வீட்டில் பாதியை அவள் பெயரில் எழுதினோம். பங்காகப் பிரித்து எழுதியது. எனக்கு ஒன்று நடந்தால் என் பாதி என் பெடியளுக்கு, அவளுக்கு ஒன்று நடந்தால் அவள் பாதி அவள் நினைத்தவர்களுக்கு. அவள் தன் சட்டத்தரணியைத் தானே கூட்டிவந்தாள். ஒவ்வொரு தாளையும் வாசித்தாள். நான் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

அக்காவின் சீலைகளையும் சாமிப்படத்தையும் எடுத்துக்கொண்டு மார்க்கத்துக்குப் போனாள். திவசத்துக்கு வருவாள். இருந்து சாப்பிடுவாள். மாமா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறாள். முந்தி கார் டயர் மாற்றுவதில் இருந்து காய்ச்சலுக்கு எந்தக் குளிசை என்பதுவரை எல்லாவற்றையும் என்னிடம் கேட்பாள். இப்போது ஒன்றும் கேட்பதில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதையும் எழுதாமல் விட்டிருப்பேன். ஆனால் இந்தக் கதை எப்படியோ வெளியில் போய்விட்டது, அதுவும் தலைகீழாக. சட்டப்படி முழு வீடும் தனக்கு வந்தும், தாயில்லாப் பிள்ளைக்குப் பாதியைத் தூக்கிக் கொடுத்தவர் என்று என்னைப் பற்றிப் பேச்சு. சென்ற திருவிழாவில் மண்டபத்தில் ஒரு பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "உப்பிடியான தாய்மாமன் ஆருக்குக் கிடைக்கும்" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். மருமகள் மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவளும் தட்டினாள், மெதுவாக இரண்டு தரம். அந்தப் பொன்னாடை தோளில் கிடந்த நேரம் முழுக்க, அதை இழுத்து எறிந்து உண்மையைச் சொல்லு என்று என் மனம் சொன்னது. கைகூப்பி இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு ஃபோன் அடித்து, எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ மாமா" என்றாள். "ஆனா அம்மாவைத் தெய்வம் மாதிரி எழுதாதேங்கோ. உங்களையும் பாவம் மாதிரி எழுதாதேங்கோ. நடந்ததை எழுதுங்கோ."

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு நான் இனிச் சொல்லுவது இதுதான். சட்டத்தரணியின் மொழி விளங்காதவர் உங்களில் ஒருவர் இருந்தால், அந்த வீட்டில் பங்கில்லாத ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேர் பெயரில் வாங்கினால், ஒருவர் செத்தால் யாருக்கு என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். நல்ல நாளில் கேளுங்கள், நல்ல நேரத்தில் கேளுங்கள். அந்தச் சொல் ஒருவரையும் கொல்லாது. சாவைச் சொன்னதற்காகக் கடவுள் கோபிக்கமாட்டார் என்று இப்போது நம்புகிறேன். சொல்லாததற்கு அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

இதை வாசிக்கிறவர்கள் வீடு வாங்கும் உங்கள் உறவுகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், அனுப்புங்கள், கோயிலில் கதைக்கும்போது சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்காக இரக்கப்பட்டு ஒரு சொல்லையும் மாற்றவேண்டாம். அவர் அறியாமல் செய்தார் என்று நடுவில் ஒரு வரி சேர்க்கவேண்டாம். கேட்டது விளங்கியது, சொல்லவில்லை. அப்படியே சொல்லுங்கள்.